நகை செய்ய ஒரு மேசை மூலை போதும்

மாணவர்களே, வீட்டிலேயே நகை செய்து பார்க்க ஆசையா? படிக்கும் மேசையின் ஒரு மூலை போதும். வட்டமூக்குக் குறடு, தட்டைமூக்குக் குறடு, கம்பி வெட்டும் குறடு, பாதுகாப்புக் கண்ணாடி, மேசை விளக்கு, 0.8 மில்லிமீட்டர் செப்புக் கம்பி. தொடக்கத்திற்கு இவ்வளவுதான் வேண்டும்.

முதலில் ஒரு சோதனை. கண்ணாடியை அணிந்துகொண்டு, ஒரு கம்பித் துண்டை ஒரே இடத்தில் முன்னும் பின்னுமாக வளையுங்கள். முதலில் எளிதாக வளையும். போகப் போக விறைத்து, கடைசியில் ஒடிந்துவிடும். ஏன் தெரியுமா? செம்பு நுண்ணிய படிகங்களால் ஆனது. படிகத்திலுள்ள அணு அடுக்குகள் ஒன்றின்மீது ஒன்று நழுவுவதால்தான் கம்பி வளைகிறது. வளைக்க வளைக்க அடுக்குகளில் குலைவுகள் பெருகி, ஒன்றோடொன்று சிக்கிக்கொள்கின்றன. பிறகு நழுவ வழியில்லை.

இறுகிய செம்பை மங்கிய சிவப்பாகும்வரை சூடாக்கினால் புதிய படிகங்கள் உருவாகி, அது மீண்டும் இளகும். பொற்கொல்லர்கள் இப்படித்தான் செய்கிறார்கள். துண்டுகளை இணைக்கவும் நெருப்பு வேண்டும். ஆனால் சூட்டில் செம்பு ஆக்சிஜனுடன் சேர்ந்து கறுக்கும். கறுத்த இடத்தில் பற்றாசு எனும் ஒட்டு உலோகம் பிடிக்காது. அதனால் வெங்காரம் தடவுவார்கள். அது உருகிப் படர்ந்து ஆக்சைடைக் கரைத்துவிடும். ‘பொடி வைத்து ஊதுவது’ என்ற வழக்கும் பொற்கொல்லர் பட்டறையிலிருந்து வந்ததே என்பார்கள்.

இங்கேதான் எச்சரிக்கை தேவை. பாட்டி ‘கேடிஎம் நகை’ என்று சொல்லக் கேட்டிருப்பீர்கள். அது காட்மியம் கலந்த பற்றாசைக் குறிக்கும். அந்தப் பற்றாசு குறைந்த சூட்டிலேயே உருகி நன்றாக ஒட்டும். ஆனால் காட்மியம் 767 டிகிரி செல்சியஸில் கொதிக்கும். பற்றவைக்கும் சுவாலை அதைவிடச் சூடானது. எழும் புகை நுரையீரலையும் சிறுநீரகத்தையும் பாதிக்கும். நகையை அணிபவரைவிட, அதைச் செய்பவருக்கே ஆபத்து அதிகம்.

ஆகவே, அடுக்குமாடி வீட்டு அறையில் சுவாலை வேண்டாம். பென்சில்மீது கம்பியை நெருக்கமாகச் சுற்றி, கழற்றி, சுருளை நீளவாக்கில் வெட்டுங்கள். கிடைக்கும் வளையங்களைக் கோத்தால் கைச்சங்கிலி தயார். வளையத்தைத் திறக்கும்போது பக்கவாட்டில் அகட்டாமல், ஒரு முனையை முன்னும் மற்றதைப் பின்னுமாகத் திருகுங்கள்; வட்டம் கெடாது. சங்கிலியின் கொக்கியைச் சிறு சுத்தியலால் மெல்லத் தட்டுங்கள். கம்பியை விறைக்கவைத்த அதே குலைவுகள், கொக்கி எளிதில் விரிந்துவிடாமல் காக்கும்.

பற்றவைக்கக் கற்க விரும்பினால், காற்றோட்டமுள்ள பட்டறையில், அனுபவமுள்ள ஒருவர் மேற்பார்வையில் பழகுங்கள். பற்றாசு வாங்கும்போது ‘காட்மியம் அற்றது’ என்று உறையில் உள்ளதா என முதலில் பாருங்கள்.