பொருளாதாரம் என்றால் என்ன பொருள்?

'பொருளாதார நெருக்கடி', 'பொருளாதார வளர்ச்சி' என்ற சொற்கள் பத்திரிகையில் வராத நாள் உண்டா? "பொருளாதாரம் என்றால் என்ன?" என்று வகுப்பில் கேட்டால், "பணம் சார்!" என்றுதான் பதில் வரும். பாதிதான் சரி!

சொல்லைப் பிரியுங்கள். பொருள் + ஆதாரம். நாம் வாழ்வதற்குத் தேவையான பொருள்களை உண்டாக்குவது, பங்கிடுவது, காப்பது எல்லாம் இதில் அடங்கும். ஆங்கிலத்தில் 'எகனாமிக்' என்கிறார்களே, அது கிரேக்க மொழியிலிருந்து வந்தது. 'வீட்டு நிர்வாகம்' என்பதே அதன் பழைய பொருள். மாதக் கடைசியில் உங்கள் அம்மா அரிசிப் பானையை எட்டிப் பார்த்துக் கணக்குப் போடுகிறாரே, அதுவேதான்!

எங்கள் செஞ்சிக் கோட்டைக்கு வந்தால் இது இன்னும் நன்றாகப் புரியும். 2025-ல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்த கோட்டை இது. வருகிறவர்கள் கல்யாண மகாலைப் படம் எடுத்துக்கொண்டு, பக்கத்தில் உள்ள பெரிய நெற்களஞ்சியத்தைப் பார்க்காமலே போய்விடுகிறார்கள். எனக்கு அதில் வருத்தம் உண்டு.

மராட்டிய மன்னர் ராஜாராம் இந்தக் கோட்டையில் இருந்தபோது, அவுரங்கசீப்பின் தளபதி சுல்பிகர் கான் 1690-ல் முற்றுகையிட்டார். முற்றுகை என்றால் உள்ளே இருப்பவர்கள்தானே பட்டினி கிடப்பார்கள்? இங்கே நடந்ததோ வேறு! 1692 கடைசியில் சந்தாஜி, தனாஜி என்ற மராட்டியத் தளபதிகள் படையோடு வந்து, மொகலாயர் முகாமுக்குத் தானியம் வரும் வழிகளை அடைத்துவிட்டார்கள். பீரங்கி இருந்தது, குதிரை இருந்தது, சோறு இல்லை. 1693 ஜனவரியில் சுல்பிகர் கான் வந்தவாசிக்குப் பின்வாங்கினார். பிறகு அவர் திரும்பி வந்து கோட்டையைப் பிடிக்க 1698 ஆகிவிட்டது.

இன்றும் செஞ்சியின் பொருளாதாரம் நெல்லை நம்பித்தான் இருக்கிறது. அறுவடைக் காலத்தில் ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்தில் மூட்டைகள் மலைபோல் குவியும். அன்று மழை பிடித்துக்கொண்டால் நெல் நனையும், விலை இறங்கும். அந்த விவசாயி வீட்டுப் பிள்ளையின் புதுச் சைக்கிள் தள்ளிப்போகும். நெல் வாங்கும் வியாபாரி, மூட்டை தூக்கும் தொழிலாளி, எதிரே உள்ள டீக்கடைக்காரர் என்று எல்லார் வீட்டுக் கணக்கும் அதோடு சேர்ந்து ஆடும். 'பொருளாதார நிலை' என்று பத்திரிகையில் எழுதுவது இதைத்தான்.

இன்னொன்று. ஆங்கிலத்தில் 'எகனாமிக்' வேறு, 'எகனாமிகல்' வேறு. முன்னது பொருளாதாரம் சார்ந்தது, பின்னது சிக்கனமானது. பெரியவர்களே இதில் குழம்புவார்கள்!

சரி, 'மாமா பொருளாதாரமாகச் செலவு செய்தார்' என்று ஒருவன் எழுதியிருக்கிறான். நீங்கள் எப்படித் திருத்துவீர்கள்?