மலை இறங்கும்போது ஏறும் பேட்டரி

வீட்டுக்குப் புதிதாக மின்சாரக் கார் வந்திருக்கிறதா? முதல் நாளே அப்பா, "பெடலிலிருந்து காலை எடுத்தாலே வண்டி இழுத்துப் பிடிக்கிறதே!" என்று சொல்லியிருப்பார். அது கோளாறு இல்லை. அதுவரை பேட்டரி மின்சாரத்தால் சக்கரத்தைச் சுழற்றிய மோட்டாரை இப்போது சக்கரம் சுழற்றுகிறது. மோட்டார் மின்னாக்கியாக மாறி மின்சாரம் தருகிறது. பழைய சைக்கிளில் டைனமோவைச் சக்கரத்தோடு சேர்த்ததும் மிதிப்பது கனக்குமே, அதே கதைதான்.

கெந்திங் மலையிலிருந்து இறங்கும்போது இதை நன்றாகப் பார்க்கலாம். ஆட்களோடு 2,000 கிலோகிராம் உள்ள கார் 1,500 மீட்டர் உயரம் இறங்கினால், அது இழக்கும் நிலையாற்றல் சுமார் 8 கிலோவாட் மணி. பெட்ரோல் காரில் இது முழுவதும் வெப்பமாகி வீணாகிவிடும். பிரேக்கையே மிதித்துக்கொண்டு இறங்கினால், அது சூடேறிப் பிடிக்காமல் போகும் ஆபத்தும் உண்டு. மின்சாரக் காரில் ஒரு பங்கு பேட்டரிக்குத் திரும்புகிறது. திரையில் விழுக்காடு ஏறுவதைப் பாருங்கள். ஆனால் ஏறச் செலவானது அத்தனையும் திரும்பாது. காற்றுத் தடையும் டயர் உராய்வும் தங்கள் பங்கை எடுத்துக்கொள்ளும்.

இன்னொன்று. உச்சியில் பேட்டரியை 100 விழுக்காடு நிரப்பிவிட்டு இறங்கினால், வரும் மின்சாரத்துக்கு அங்கே இடமிருக்காது. பல கார்களில் அந்த இழுத்துப் பிடிப்பு அப்போது குறைந்துவிடும். பழகிய ஓட்டுநரே வளைவில் தடுமாறலாம். மலைமேல் சார்ஜ் செய்தால், 80 விழுக்காட்டோடு நிறுத்தும்படி அப்பாவிடம் சொல்லுங்கள்.