கோதுமை இனவிருத்தியும் வெப்பமுறும் உலகமும்

விளைச்சல் பெருகாதவிடத்து விதை மேம்படவில்லை என முடிவு செய்தல் பலர்க்கும் இயல்பு. கோதுமையின் அண்மைக்கால வரலாற்றை ஆராயுமிடத்து, இம்முடிவு எப்பொழுதும் பொருந்தாது என்பது புலனாகும். விதை ஆண்டுதோறும் மேம்பட்டுவரவும், வயலின் விளைச்சல் நின்ற நிலையிலேயே நிற்றல் கூடும்.

இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதிவரை பெரும்பாலான கோதுமை இனங்கள் உயர்ந்து வளர்வனவாயிருந்தன. பசளையை மிகுதியாக இட்டாற் கதிரின் பாரந் தாங்காது தாள் சாய்ந்துவிடும். இக்குறையை நீக்க உதவியது, யப்பானில் 1935இல் வெளியிடப்பட்ட ‘நோரின் 10’ என்னுங் குட்டை இனமாகும். தண்டைக் குறுக்கும் அதன் பரம்பரையலகுகளை அமெரிக்காவில் ஓவில் வோகலும், மெக்சிக்கோவில் நோமன் போலோக்கும் தத்தம் இனங்களுட் புகுத்தினர். தாளின் வளர்ச்சிக்குச் சென்ற உணவில் ஒரு பகுதி மணிக்குச் சென்றது. போலோக் தம் பயிர்களைக் கடல்மட்டத்தை அண்டிய சொனோராவிலும் உயர்நிலமான தொலுக்காவிலும் மாறி மாறி விளைவித்து, ஓராண்டில் இரு தலைமுறைகளைப் பெற்றார். பகற்பொழுதின் நீளத்தைப் பொருட்படுத்தாத இனங்களும் இதனாற் கிடைத்தன. கும்பகோணத்திற் பிறந்த எம். எஸ். சுவாமிநாதன் முதலியோர் இவ்வழிவந்த விதைகளை இந்திய நிலத்துக்கு இசைவித்தனர். 1964-65இல் ஏறத்தாழ 120 இலட்சந் தொன்னாயிருந்த இந்தியக் கோதுமை, 1970-71இல் 230 இலட்சந் தொன்னைக் கடந்தது.

இனிப் பிரான்சு நாட்டை நோக்குவோம். 1950ஐ அடுத்த ஆண்டுகளில் ஹெக்டெயருக்கு ஏறத்தாழ 2 தொன்னாயிருந்த அந்நாட்டு விளைச்சல், 1990களின் நடுவில் 7 தொன்னை அண்மியது. அதன்பின் ஏற்றம் தடைப்பட்டது. இனவிருத்தியாளரின் ஆற்றல் ஓய்ந்துவிட்டதோ என ஐயுற்றோர் பலர். இதற்கு விடை காணும் வழி எளிது. பழைய இனத்தையும் புதிய இனத்தையும் ஒரே வயலில், ஒரே பருவத்தில் அருகருகே விதைத்து ஒப்பிடல் வேண்டும். காலநிலை இரண்டுக்கும் பொதுவாதலின், காணப்படும் வேற்றுமை விதையின் வேற்றுமையேயாகும். இத்தகைய சோதனைகளை ஆராய்ந்து 2010இல் வெளியிடப்பட்ட ஆய்வு, புதிய இனங்களின் மேம்பாடு குன்றவில்லை எனக் காட்டிற்று. அம்மேம்பாட்டின் பயனை விழுங்கியவை, தண்டு நீளுங் காலத்து வறட்சியும் மணி முற்றுங் காலத்து வெப்பமுமே. பயிர்ச் சுழற்சியில் அவரையினப் பயிர்கள் அருகியமையும் பசளை குறைக்கப்பட்டமையும் துணைக் காரணங்களாயின.

வெப்பம் விளைச்சலைக் குறைப்பது எங்ஙனம்? பூத்தபின் சில வாரங்களே மணியில் மாப்பொருள் நிறையும். வெப்பம் மிகுந்தால் இலை விரைந்து முதிரும், நிறையுங் காலம் சுருங்கும், மணி சிறுக்கும். பூக்குங் காலத்துக் கடுவெப்பமோ மகரந்தத்தையே மலடாக்கும். உலகச் சராசரி வெப்பநிலை ஒரு பாகை செல்சியசு உயருந்தோறும் கோதுமை விளைச்சல் ஏறத்தாழ 6 சதவீதங் குறையும் என ஆய்வாளர் கணித்துள்ளனர். 2022 மார்ச்சு மாதத்துக் கடுவெப்பம் இந்தியப் பயிரைத் தாக்கியது. மே 13ஆந் திகதி அந்நாடு கோதுமை ஏற்றுமதியைத் தடைசெய்தது. கோதுமை விளையாத இலங்கை போன்ற நாடுகளின் பாண் விலையும் இவ்வாறு அயல்நாட்டு வயல்களின் வெப்பத்தோடு பிணிக்கப்பட்டுள்ளது.

முன்னைய வெற்றியே புதிய இடர்ப்பாட்டைத் தருதலும் உண்டு. நோரின் இனத்துப் பரம்பரையலகுகள் தண்டை மட்டுமன்றி, மண்ணைத் துளைத்து எழும் முளையுறையையுங் குறுக்குகின்றன. மேல்மண் காய்ந்தவிடத்து விதையை ஆழ ஊன்றின் அம்முளை வெளிவர இயலாது மடியும். ஆதலின், முளையுறையைக் குறுக்காது தண்டை மட்டுங் குறுக்கும் வேறு பரம்பரையலகுகளை அவுத்திரேலிய ஆய்வாளர் சோதித்து வருகின்றனர். மெக்சிக்கோவிலுள்ள பன்னாட்டு நிலையமோ, வெப்பந் தாங்கும் இயல்பை நாடிக் காட்டுப்புல் உறவினங்களோடு கோதுமையைக் கலக்கின்றது.

எனினும், ஓரினத்தைக் கலந்து, தெரிந்து, சோதித்து உழவன் கையிற் சேர்க்க ஏறத்தாழப் பத்தாண்டுகள் செல்லும். இன்று நிறுத்தப்படும் முயற்சியின் இழப்பு பத்தாண்டின் பின்னரே வயலிற் தோன்றும். ஆகவே, விளைச்சல் உயராமையைக் காட்டி இனவிருத்திக்கு ஈயும் பொருளைக் குறைத்தல் அறிவுடைமையாகாது. அம்முயற்சி இல்லையேல் இன்றைய நிலையுந் தாழ்ந்திருக்கும். அதுபோலவே, விதையொன்றே காக்குமென நம்பி மண்ணையும் பயிர்ச் சுழற்சியையும் புறக்கணித்தலும், வெப்பம் பெருகும் காரணங்களைத் தணியாது விடுத்தலும் பொருந்தா. விதை ஈட்டுவதைக் காலநிலை கவராதிருக்கும் அளவுக்கே விளைச்சல் உயரும்.