கேமரா பிடித்தால் கதை முடிந்ததா?

மெர்சிங்கிற்கு ரயில் இல்லை, டோல் நெடுஞ்சாலையும் இல்லை. ஜொகூர் பாருவிலிருந்து கோத்தா திங்கி, ஜெமாலுவாங் வழியாக வரும் 3ஆம் எண் கூட்டரசு சாலைதான் எல்லாவற்றுக்கும். குளுவாங்கிலிருந்து வருகிறவர்களும் ஜெமாலுவாங்கில் இதே சாலையில் வந்து சேர வேண்டும். தியோமான் படகுகள் கடலின் நீர்மட்டம் பார்த்துப் புறப்படுபவை. அதைத் தவறவிடக் கூடாதென்று கடைசி நேரத்தில் எண்ணெயை மிதிப்பவர்கள் உண்டு. விடுமுறைக்கு வீடு திரும்பும் கல்லூரி மாணவர்களுக்கும் அதே அவசரம்தான்.

சில வாரங்கள் கழித்து வேகக் கட்டுப்பாட்டை மீறியதாக ஒரு சம்மன் வருகிறது. ஆனால் அது வருவது அப்பாவின் பெயரில். ஏனென்றால் கேமரா பிடிப்பது வாகனத்தின் பதிவு எண்ணைத்தான். ஓட்டியது யார் என்று அதற்குத் தெரியாது.

அந்த இடைவெளியை நிரப்புவது 1987ஆம் ஆண்டு சாலைப் போக்குவரத்துச் சட்டத்தின் 115ஆம் பிரிவு. யார் ஓட்டினார் என்று அதிகாரி கேட்டால் வாகன உரிமையாளர் 7 நாட்களுக்குள் சொல்ல வேண்டும். சொல்லாமல் இருப்பதே தனிக் குற்றம். மகனின் ‘பி’ உரிமத்தைக் காப்பாற்ற “நான்தான் ஓட்டினேன்” என்று எழுதிக் கொடுக்கும் பெற்றோர் இருக்கலாம். பாசம் புரிகிறது, ஆனால் அரசாங்க அதிகாரிக்குத் தெரிந்தே பொய்த் தகவல் தருவது தண்டனைச் சட்டத்தின் 182ஆம் பிரிவில் வருகிறது. வேகச் சம்மனைவிடப் பெரிய தலைவலி அது.

சரி, சம்மனே தவறாக இருந்தால்? முதலில் அதை முழுதாகப் படியுங்கள். பலர் தொகையை மட்டும் பார்த்துவிட்டுப் பெருமூச்சு விடுகிறார்கள். தேதி, நேரம், இடம், பதிவு எண், அந்த இடத்தின் வேக வரம்பு, பதிவான வேகம் ஆகிய ஒவ்வொன்றும் தனித்தனியே சரிபார்க்க வேண்டியவை. கூட்டரசு சாலையில் பொதுவான வரம்பு மணிக்கு 90 கிலோமீட்டர். பெருநாள் காலங்களில் அதை 80ஆகக் குறைப்பது வழக்கம். 88இல் போய்விட்டு “நான் வரம்புக்குள்தானே போனேன்” என்று வாதாடுவதற்கு முன் நாள்காட்டியைப் பார்ப்பது நல்லது.

அடுத்தது படம். அதில் இருப்பது உங்கள் கார்தானா? அதே நிறம், அதே மாடலா? ஒரே எண்ணைப் போலியாக மாட்டிக்கொண்டு ஓடும் வாகனங்கள் நம் நாட்டிலும் பிடிபட்டிருக்கின்றன. அப்படிச் சந்தேகம் வந்தால் உடனே போலீஸ் புகார் செய்யுங்கள். மோட்டாரை விற்றும் பெயர் மாற்றாமல் விட்டிருந்தால் சம்மன் பழைய உரிமையாளருக்கே வரும். விற்ற ஆவணம்தான் அவருக்குத் துணை.

இயற்பியல் மாணவர்கள் இன்னும் ஒரு படி போகலாம். மணிக்கு 90 கிலோமீட்டர் என்பது வினாடிக்கு 25 மீட்டர். அரை வினாடி இடைவெளியில் எடுத்த இரண்டு படங்கள் இருந்தால், இரண்டுக்கும் நடுவே கார் 12.5 மீட்டர் நகர்ந்திருக்க வேண்டும். சாலைக் கோடுகளை வைத்தே இதை ஓரளவு கணக்கிட்டுவிடலாம்.

இது வெறும் ஏட்டுக் கணக்கு அல்ல. 2012ஆம் ஆண்டு அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் 25 மைல் வரம்புள்ள சாலையில் 38 மைல் வேகத்தில் போனதாக ஒரு காருக்கு 40 டாலர் அபராதம் வந்தது. படங்களையும் காணொளியையும் பார்த்தால் கார் நகரவே இல்லை. சிவப்பு விளக்கில் நின்றுகொண்டிருந்தது! அந்நகரம் 2013இல் தன் வேகக் கேமராக்களை நிறுத்தியது. அவற்றில் தவறு 10 விழுக்காட்டையும் தாண்டியதாக ஒரு தணிக்கை கண்டது 2014இல் செய்தித்தாள் வழியாக வெளியானது. கருவி சொன்னதை ஒருவர் உட்கார்ந்து சரிபார்த்ததால்தான் முதல் முடிச்சு அவிழ்ந்தது.

நம் நாட்டிலும் கேள்வி கேட்டிருக்கிறார்கள். 2012 செப்டம்பரில் 14 கேமராக்களுடன் ஏஇஎஸ் தொடங்கியது. திட்டமோ 831 கேமராக்களுக்கு. இரண்டு தனியார் நிறுவனங்களின் பங்கோடு வரும் சம்மன் சட்டப்படி செல்லுமா என்று சர்ச்சை எழுந்தது. அவ்வாண்டு டிசம்பரிலேயே சட்டத்துறைத் தலைவர் அலுவலகம் ஏஇஎஸ் வழக்குகளை நிறுத்தி வைத்தது. இப்போது அது ஆவாஸ் என்ற பெயரில் சாலைப் போக்குவரத்து இலாகாவின் கையில் இருக்கிறது.

2026 ஜனவரி முதல் போலீஸ், ஜேபிஜே இரண்டுக்கும் ஒரே கழிவு முறை. 15 நாட்களுக்குள் கட்டினால் பாதி. 30 நாட்களுக்குள் என்றால் மூன்றில் ஒரு பங்கு தள்ளுபடி. அதன் பிறகு 60 நாள்வரை முழுத் தொகை. அதையும் தாண்டினால் நீதிமன்றம். 300 வெள்ளி 150 ஆகிறது என்றதும், செய்யாத தவறுக்கும் கட்டிவிடலாம் என்றே மனம் சொல்லும். இந்த முறையில் எனக்கு உறுத்துவது அதுதான். தவறு செய்தவருக்கு அது சலுகை, செய்யாதவருக்கு நெருக்கடி. ஆகவே சம்மன் கிடைத்த அன்றே மைஜேபிஜே அல்லது மைபாயார் சமான் செயலியில் விவரத்தைப் பாருங்கள். அனுப்பியது யாரோ அவர்களிடமே எழுத்துபூர்வமாகக் கேளுங்கள்.

அதிலும் தீரவில்லை என்றால் மாஜிஸ்திரேட் நீதிமன்றம். மெர்சிங்கிலும் ஒன்று உண்டு. குற்றத்தை மறுத்தால் வழக்கு விசாரணைக்குப் போகும். நிரூபிப்பது அரசுத் தரப்பின் பொறுப்பு. ஆனால் சான்றுச் சட்டத்தின் 90ஏ பிரிவு கணினி உருவாக்கிய ஆவணத்தை ஏற்கிறது. ஆகவே “கேமராவை நம்ப முடியாது” என்று பொதுவாகச் சொல்வது எடுபடாது. “எல்லாரும் வேகமாகத்தான் போனார்கள்” என்பதும் அப்படித்தான். தோற்றால் 40ஆம் பிரிவின்படி அபராதம் 300 வெள்ளியிலிருந்து 2,000 வெள்ளிவரை போகலாம். கையில் படம், பெயர் மாற்ற ஆவணம், போலீஸ் புகார், அன்று கார் வேறிடத்தில் நின்றதற்கான பட்டறை ரசீது என்று ஏதாவது ஒன்று இருந்தால் மறுங்கள். ஒன்றுமே இல்லை, வேகமாகப் போனதும் உண்மை என்றால் 15 நாளுக்குள் கட்டிவிடுங்கள்.