கயிற்றில் முடிந்த ஊர்கள்

மஃரிப் தொழுதபின் தூத்துக்குடியிலோ காயல்பட்டினத்திலோ மொட்டை மாடியில் வடக்கு நோக்கி நில்லுங்கள். கையை முழுதாக நீட்டி, மடக்கிய முஷ்டியை அடிவானத்தின் மேல் பிடியுங்கள். துருவ நட்சத்திரம் அந்த முஷ்டிக்குள் மறைந்துவிடும். அவ்வளவு தாழ்வு. சென்னையிலோ முஷ்டிக்கு மேல் இன்னும் இரண்டு விரல் வைக்க வேண்டும்.

பூமியின் வடமுனைக்கு நேர் மேலே ஏறக்குறைய அசையாமல் நிற்கும் நட்சத்திரம் அது. நாம் வடக்கே ஒரு பாகை (சுமார் 111 கி.மீ.) போனால் அதுவும் ஒரு பாகை உயரும். தூத்துக்குடியில் அதன் உயரம் 8.8 பாகை; ஊரின் அட்சரேகையும் அதுதான். நம் கிழக்குக் கரை தெற்கு வடக்காக நீண்டு கிடப்பதால், நட்சத்திரத்தின் உயரம் தெரிந்தால் எந்த ஊருக்கு நேரே கப்பல் நிற்கிறது என்பது தெரிந்துவிடும்.

இதற்கு அரபு மாலுமிகள் வைத்திருந்த கருவி 'கமால்'. நம் கரையில் 'ராப்பலகை' என்றார்கள். சிறு மரப்பலகை, நடுவில் ஒரு கயிறு, கயிற்றில் முடிச்சுகள். முடிச்சைப் பல்லில் கடித்துக் கயிற்றை விறைப்பாக்கி, பலகையின் கீழ் விளிம்பை அடிவானத்தில் பொருத்த வேண்டும். மேல் விளிம்பில் நட்சத்திரம் உட்கார்ந்தால் அந்த முடிச்சுக்குரிய துறைமுகத்துக்கு நேரே வந்தாயிற்று. சோழமண்டலக் கரை மாலுமிகளின் இந்த வழக்கத்தை காங்கிரீவ் என்ற ஆங்கிலேயர் 1850-ல் சென்னையிலிருந்து வந்த ஓர் ஆய்விதழில் எழுதினார்.

பிள்ளைகளோடு செய்து பார்க்கலாம். 5 செ.மீ. உயர அட்டை போதும். பலகையிலிருந்து 21.5 செ.மீ. தூரத்தில் சென்னை முடிச்சு, 26-ல் நாகப்பட்டினம், 32-ல் தூத்துக்குடி. காயல்பட்டினத்துக்கு 33. அந்த ஒரு செ.மீ. வித்தியாசத்தை ஆடும் தோணியில் யார் பிரித்தறிவது? அங்கே பலகை நின்றுவிடும். ஆழம் பார்க்கும் ஈயக்குண்டும் கரை அடையாளமும்தான் கைகொடுக்கும். முத்துக்குளிக்கும் பார்களையும் கரை அடையாளம் வைத்தே கண்டார்கள்.

அளவின் பெயர் தமிழில் விரல், அரபியில் இஸ்பஃ. இரண்டும் ஒரே பொருள். யார் யாரிடம் கற்றார்கள் என்று சண்டையிடுவதில் பயனில்லை. கடலில் இரு தரப்பும் கலந்தே இருந்தார்கள். 'மாலுமி' என்ற சொல்லே 'முஅல்லிம்' என்ற அரபுச் சொல்லிலிருந்து வந்தது. சுக்கானும் அரபுதான்.

தென்கடலில் ஒரு சிக்கல் உண்டு. இப்னு மாஜித் எழுதிய 15-ஆம் நூற்றாண்டில் துருவ நட்சத்திரம் முனையிலிருந்து 3.5 பாகை விலகியிருந்தது. இன்று முக்கால் பாகைகூட இல்லை. அதனால் அன்று அது ஒரே இரவில் ஏறி இறங்கும். நம் பக்கத்தில் 5 பாகைக்கு மேல் ஓரளவே தெரியும் நேரமும் உண்டு; அடிவானத்து மங்கலில் காணாமல் போகும். அப்போது அருகிலுள்ள ஃபர்கதான் இரட்டை நட்சத்திரங்களை அளந்து கணக்குப் போட்டார்கள். எந்த நேரத்தில் எதை அளப்பது என்பதை மனப்பாடமாக வைத்திருந்தவரே மாலுமி.

அளக்கவும் எல்லா நேரமும் வாய்க்காது. நிலவில்லாத நள்ளிரவில் நட்சத்திரம் தெரியும், அடிவானம் தெரியாது. பகலில் நேர்மாறு. இரண்டும் சேர்ந்து தெரிவது மஃரிபுக்குப் பின் சிறிது நேரமும், ஃபஜ்ர் வெளுக்கும் நேரமும்தான்.