கேமை விற்கும் குட்டிப் படம்: ஸ்டீம் ‘கேப்ஸ்யூல்’ எப்படி இருக்கணும்?

2024-ல் மட்டும் ஸ்டீம் தளத்தில் 18 ஆயிரத்துக்கும் அதிகமான கேம்கள் வெளியாகின. விளம்பரத்துக்குக் காசில்லாத இண்டி டெவலப்பருக்கு இந்தக் கூட்டத்தில் கைகொடுப்பது ‘கேப்ஸ்யூல்’ எனும் குட்டிப் படம்தான்.

என்ன இருக்கலாம்?
ஓவியம், கேமின் பெயர், அதிகாரப்பூர்வ துணைத்தலைப்பு மட்டுமே. ரிவ்யூ ஸ்கோர், விருது, தள்ளுபடி வாசகங்களுக்கு 2022 செப்டம்பர் 1 முதல் தடை.

எது எடுபடும்?
சின்ன கேப்ஸ்யூல் திரையில் மிகச் சிறிதாகத்தான் தெரியும். பெரிய படத்தை அப்படியே சுருக்கினால் ஒண்ணும் தெரியாது. பெயரைப் பெரிதாக வைத்துத் தனியாக வடிவமைக்கணும்.

பெரிய படத்தில் ஒரு முகம், ஒரு செயல் போதும். ஹாரரா, பண்ணை கேமா என்பது பார்த்ததுமே புரியணும். படம் ஏமாற்றினால் ஆபத்து: 14 நாட்களுக்குள், 2 மணி நேரத்துக்கும் குறைவாக ஆடியவர் ரீஃபண்ட் கேட்கலாம்!