விண்டோஸ் கணினியில் லினக்ஸ் மென்பொருள்: மூலநிரலில் இருந்து உருவாக்குவது எப்படி?

இடுக்கி: கேரள அரசுப் பள்ளிகளில் கணினிப் பாடம் லினக்ஸ் இயங்குதளத்தில், கட்டற்ற மென்பொருள்களைக் கொண்டு கற்பிக்கப்படுகிறது. இடுக்கி மாவட்டம் காந்தலூர் போன்ற, தமிழர் வாழும் மலைக் கிராமங்களின் மாணவர்களும் இவற்றிலேயே பயில்கின்றனர். ஆனால் பள்ளிக்கு வெளியே உள்ள கணினிகளில் பெரும்பாலும் விண்டோஸே இயங்குகிறது. பள்ளியில் பழகிய மென்பொருளை அதில் திருத்தி இயக்க உதவுவதே 'ஒத்திசைவுச் சூழல்'.

கேரளத்தின் தேர்வு

'ஐ.டி. அட் ஸ்கூல்' திட்டம் 2001-ஆம் ஆண்டில் தொடங்கப்பட்டது. அதே ஆண்டு ஜூலையில், கட்டற்ற மென்பொருள் இயக்கத்தின் நிறுவனர் ரிச்சர்ட் ஸ்டால்மன் பங்கேற்க, இந்தியக் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை திருவனந்தபுரத்தில் தொடங்கியது. பள்ளித் திட்டம் 2017-இல் 'கைட்' என்ற அரசு நிறுவனமாக மாற்றப்பட்டது.

சிக்வின் செய்வது என்ன?

மனிதர் எழுதும் மூலநிரலை, கணினி இயக்கும் கோப்பாக மாற்றுவது கம்பைலர் எனப்படும் நிரல்பெயர்ப்பி. லினக்ஸுக்காக உருவான கோப்பு விண்டோஸில் நேரடியாக இயங்காது; கோப்பைத் திறப்பது, நினைவகம் கேட்பது போன்ற அழைப்புகள் இரண்டிலும் வேறுவேறானவை.

1995-இல் சிக்னஸ் நிறுவனத்தில் தொடங்கப்பட்ட 'சிக்வின்' இந்த இடைவெளியை நிரப்புகிறது. யூனிக்ஸ் பாணி அழைப்புகளை விண்டோஸ் அழைப்புகளாக மாற்றும் நிரலகம் அதன் மையம். லினக்ஸின் ஆயத்தக் கோப்பை அது இயக்காது. மூலநிரலை அதனுள் மீண்டும் நிரல்பெயர்க்க வேண்டும்.

மூன்று படிகள்

பல மென்பொருள்களுக்கு மூன்று கட்டளைகள் வழக்கத்தில் உள்ளன. 'கான்ஃபிகர்', தேவையான நிரலகங்கள் உள்ளனவா எனச் சோதிக்கும். 'மேக்', நிரல்பெயர்ப்பியை வரிசையாக இயக்கும். 'மேக் இன்ஸ்டால்', கோப்புகளை உரிய இடத்தில் நிறுவும்.

முதல் படியில் தடை ஏற்பட்டால், பெரும்பாலும் ஏதேனும் நிரலகத்தின் மேம்பாட்டுத் தொகுப்பு விடுபட்டிருக்கும். பிழைச் செய்திகளுள் முதலாவதைப் படித்தால் காரணம் தெரியும். கோப்புறைப் பெயரில் இடைவெளி இருப்பதும், விண்டோஸ் முறையிலான வரி முடிவுகளும் சிக்கல் தரலாம். உருவான கோப்பை வேறு கணினிக்குக் கொண்டுசெல்லும்போது சிக்வின் நிரலகமும் உடன் செல்ல வேண்டும்.

2016-இல் மைக்ரோசாஃப்ட் அறிமுகப்படுத்திய விண்டோஸுக்கான லினக்ஸ் துணைத்தளம், லினக்ஸ் கோப்புகளை மறுநிரல்பெயர்ப்பின்றியே இயக்குகிறது. 2019-இல் அறிவிக்கப்பட்ட அதன் இரண்டாம் பதிப்பு, உண்மையான லினக்ஸ் கருவையே மெய்நிகர் இயந்திரத்தில் இயக்குகிறது.

தமிழுக்கு என்ன பயன்?

பல கட்டற்ற மென்பொருள்களில் திரைச்சொற்களின் மொழிபெயர்ப்பு தனிக் கோப்பில் இருக்கும். அதில் பிழையான தமிழ்ச் சொல்லைத் திருத்தி, நிரல்பெயர்த்து, திரையில் சரிபார்த்து, மூலத் திட்டத்துக்கு அனுப்பலாம். ஏற்கப்பட்டால், அடுத்த பதிப்பில் அத்திருத்தம் எல்லாப் பயனாளர்களையும் சென்றடையும்.

மாற்றி அமைக்கும் உரிமையை உரிமம் வழங்குகிறது. ஆனால் நிரல்பெயர்க்கத் தெரிந்தவருக்கே அவ்வுரிமை முழுமையாகப் பயன்படும். இயங்குதளத்தை மாற்ற இயலாத தமிழ்வழி மாணவருக்கும் ஆசிரியருக்கும் அந்த வாய்ப்பை ஒத்திசைவுச் சூழல் அளிக்கிறது.